பெரியப்பாவுக்கும், கூட நின்ற மற்ற எல்லாருக்கும்

நேற்று போய்விட்டு வந்துவிட்டேன். பாலின அடையாள கிளினிக்கில் முதல் சந்திப்பு முடிந்தது. இந்த இரண்டு மாதமாக என்னைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு இந்த ஒரு வரி போதும். வீட்டில் என்ன நடந்தது, யார் என்ன பேசினார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும், திரும்பக் கிளறப் போவதில்லை. கை இன்னும் லேசாக நடுங்குகிறது. இப்போதே எழுதிவிட வேண்டும். மனசு ஆறினால் அழகாக எழுதத் தொடங்கிவிடுவேன்.

முதலில் மொத்தமாக நன்றி சொல்லிவிடுகிறேன். ராத்திரி இரண்டு மணிக்கும் போன் எடுத்தவர்களுக்கு, என் வேலையைச் சத்தமில்லாமல் தங்கள் தலையில் போட்டுக்கொண்ட இரண்டு பேருக்கு, பைண்டர் (மார்பை இறுக்கித் தட்டையாக்கும் உள்ளாடை) போட்டுக்கொண்டு தூங்காதே என்று வாரம் ஒருமுறை திட்டியவருக்கு, பெயர் பதியும் மேஜையில் தாளைப் பார்த்துவிட்டு “எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடட்டும்?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்ட அந்த அம்மாவுக்கு. அப்புறம், பெண் என்று வளர்க்கப்பட்டு ஆணாக வாழும் இந்தப் பாதையில் எனக்கு முன்னால் போன திருநம்பி அண்ணன் ஒருவருக்கு. அவர் பெயரைப் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

அந்த அண்ணன் எனக்குச் செய்தது ஒரு வைத்தியம். நான் இந்தச் சந்திப்புக்காக, பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் எனக்கு என்னென்ன தோன்றியது என்று கதை தயாரித்து, கண்ணாடி முன் நின்று ஒப்பித்துப் பார்த்தேன். இதற்கு முன்பு ஒரு பொது மருத்துவரிடம் வாயைத் திறந்து, அவர் சிரித்த சிரிப்பு காதிலேயே இருந்ததால் வந்த பயம் அது. அண்ணன் கேட்டார்: “டிஎஸ்எம்-5 பட்டியலை முழுசாப் படிச்சியா, இல்லை பயந்துட்டு மூடிட்டியா?” மூடியிருந்தேன். அது மனநல மருத்துவர்களின் நோயறிதல் கையேடு. பிறந்தபோது சொன்ன பாலினமும் தான் உணரும் பாலினமும் பொருந்தாமல் வரும் வேதனைக்கு, பெரியவர்களுக்கு அதில் ஆறு அறிகுறிகள் இருக்கின்றன. குறைந்தது இரண்டு, குறைந்தது 6 மாதம் இருக்க வேண்டும், அதனால் மனவேதனையோ அன்றாட வாழ்க்கையில் சிரமமோ இருக்க வேண்டும். நான்கு வயதிலேயே தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி-11, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, இந்தப் பொருந்தாமையை மனநோய்ப் பிரிவிலிருந்தே எடுத்துவிட்டு பாலியல் நலம் சார்ந்த பிரிவில் வைத்துவிட்டது என்றும் சொன்னார். அன்றைக்குத்தான் கதை ஒப்பிப்பதை நிறுத்தினேன்.

சரி, இப்போது பெரியப்பா.

அவர் வீட்டு மாடி அறையில்தான் இருக்கிறேன். சாவியைக் கையில் கொடுத்தபோதும் அவர் எதுவும் கேட்கவில்லை. என் பழைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். புதுப் பெயரைச் சொன்னேன், தலையாட்டினார், மறுநாள் காலையில் பழையபடியே. கோபம் வந்தது. எங்கே போவது என்று தெரியாமல் வந்தவனுக்குக் கோபப்பட என்ன உரிமை என்று அடக்கிக்கொண்டேன். (அப்படி அடக்கியது சரியில்லை என்று இப்போது தோன்றுகிறது. அது வேறு கதை.)

தேதி கிடைத்த அன்று அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “உன் விஷயம் எனக்குப் புரியலை. பொய் சொல்ல மாட்டேன். ஆனா டாக்டரைப் பார்க்கப் போறது எப்படின்னு எனக்குத் தெரியும்” என்றார். பைபாஸ் செய்துகொண்டு ஆறு வருஷம் ஆன மனிதர். அவருடைய மருத்துவக் கோப்பு எங்கள் குடும்பத்தில் பிரசித்தம், அதைத் தூக்கவே ஒரு ஆள் வேண்டும்.

மாலையில் ஒரு கோடு போட்ட நோட்டோடு மாடிக்கு வந்தார். முதல் பக்கத்தில் நான் சாப்பிடும் மாத்திரைகள், தலைவலிக்குக் கடையில் வாங்கிப் போடுவது உட்பட. சிகரெட் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். ஒரு நாளைக்கு நான்கு என்று எழுதிக்கொண்டார். அதைப் பற்றி அப்புறம் ஒரு சொல் பேசவில்லை.

அடுத்த பக்கம் குடும்பத்து நோய்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், தன்னுடைய இதயம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் கொஞ்சம் நிறுத்தினார். “உன் பாட்டிக்கு மார்புல புற்றுநோய். அதுலதான் போனா. எழுது” என்றார். எனக்கு இருபத்தெட்டு வயது. பாட்டி வயிற்று வலியில் இறந்தாள் என்றுதான் இத்தனை நாளும் எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் உடம்பின் அந்தப் பகுதிக்குப் பெயரே கிடையாது. அவர் நாற்பது வருஷம் வாய்க்குள் வைத்திருந்ததை, டாக்டர் கேட்பார் என்ற ஒரே காரணத்துக்காக, என் முன்னால் சொன்னார். நேற்று டாக்டர் அதைத்தான் கேட்டார். பின்னால் மார்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டாலும் எல்லாத் திசுவும் போய்விடாது, இந்த விவரம் கோப்பில் இருந்தே ஆக வேண்டும் என்றார்.

அதற்குப் பிறகுதான் கேள்விகள். நான் நெருக்கி நெருக்கி எழுதினேன். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை நடுவில் நிறுத்தினால் உடைந்த குரல் திரும்புமா? கருமுட்டையைச் சேமிப்பதென்றால் எப்போது முடிவு செய்ய வேண்டும்? மாதவிலக்கு எப்போது நிற்கும்? பெரியப்பா எட்டிப் பார்த்துவிட்டு அந்தத் தாளைக் கிழித்தார். “கேள்விக்குக் கீழே நாலு வரி விடு. பதிலை எங்கே எழுதுவே?”

அந்த நிமிஷம் வரை அங்கே போய்ப் பதில் சொல்ல வேண்டியவன் நான் என்றே நினைத்திருந்தேன். கேட்கவும்தான் போகிறேன் என்பது அந்த நான்கு வெற்று வரிகளைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

எட்டுக் கேள்விகள் எழுதினேன். நேற்று காத்திருக்கும் நேரத்தில், நடுக்கத்தை மறைக்க நோட்டைப் புரட்டினால், ஒன்பதாவதாக ஒன்று இருந்தது. அவருடைய சாய்ந்த கையெழுத்து. “ராத்திரி தூங்க மாட்டேங்கிறான். அதுக்கு என்ன செய்யலாம்?”

மாட்டேங்கிறான்.

நேருக்கு நேர் பேசும்போது தமிழில் தப்பித்துக்கொள்ளலாம். ‘நீ’ என்றால் போதும், ஆணா பெண்ணா என்று வினைச்சொல் கேட்காது. ஆள் இல்லாத இடத்தில் அவனைப் பற்றிச் சொல்லும்போதுதான் விகுதி காட்டிக்கொடுக்கும். நான் பார்க்காதபோது, நான் இல்லாத பக்கத்தில், அவர் அப்படி எழுதியிருந்தார். புரியவில்லை என்று சொன்ன மனிதர்தான். புரிந்துகொண்ட பிறகுதான் ஒருவர் உதவுவார் என்று நான் போட்டு வைத்திருந்த கணக்கு அந்த நாற்காலியிலேயே தப்பிப்போனது. பக்கத்தில் இருந்த ஒருவர் கைக்குட்டையை நீட்டினார். அவருக்கும் நன்றி, பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

டாக்டர் எட்டுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். குரல் திரும்பாது, முளைத்த தாடியும் தானாகப் போகாது. மாதவிலக்கு பெரும்பாலும் சில மாதங்களில் நிற்கும், ஆனால் அது கருத்தடை ஆகாது. கருமுட்டை விஷயத்தை ஹார்மோன் தொடங்கும் முன்பே யோசித்துவிட வேண்டும். சிவப்பணு அளவு ஏறி இரத்தம் கெட்டிப்படலாம் என்பதால் ஆரம்பத்திலும் அதன் பிறகும் பரிசோதனை உண்டு. சிகரெட்டை விடச் சொன்னார். நேற்றே எதையும் எழுதிக் கொடுக்கவில்லை, இரத்தப் பரிசோதனைக்கு மட்டும் சீட்டு. ஒன்பதாவது வந்ததும் நிறுத்தி, “இது யார் எழுத்து?” என்றார். சொன்னேன். நோட்டை வாங்கி, அந்த நான்கு வரியில் அவரே பதில் எழுதினார்.

அடுத்தவர் யாராவது முதல் சந்திப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தால் என்னிடம் சொல்லுங்கள். நோட்டு வாங்கித் தருகிறேன், கூடவே வந்து வெளியே உட்காருகிறேன். அம்மாவைப் பற்றி இப்போது எதுவும் எழுதவில்லை. இது அவருக்கான மடல் இல்லை, இன்னும் இல்லை.

பெரியப்பா இதையெல்லாம் படிக்க மாட்டார். வீட்டில் யாராவது, கொஞ்சம் சத்தமாக, அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். வலது காதுப் பக்கம் உட்கார்ந்தால் நன்றாகக் கேட்கும். பெரியப்பா, ஒன்பதாவது கேள்விக்குப் பதில் வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை ஊசி குத்தி இரத்தம் எடுக்கப் போகிறார்கள், நீங்களும் வர வேண்டும். உங்கள் பேனா என்னிடம்தான் இருக்கிறது, தேடாதீர்கள்.