கண்காட்சி மேசையில் கடலுக்கும் ஓர் இடம்

மயிலாடுதுறை, நாகை மாவட்டங்களில் பள்ளி அறிவியல் கண்காட்சி நடத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பூம்புகார் பக்கம் விசைப்படகு இன்ஜின் பழுது பார்ப்பவன் நான். எட்டாவது படிக்கும் என் அக்கா மகன் போன மாதம் ஒரு கண்காட்சிக்கு ஆழ்கடல் கலம் செய்துகொண்டு போனான். எவர்சில்வர் தூக்கு, சைக்கிள் வால்வு டியூப், எம்-சீல், அவ்வளவுதான் சாமான். இரண்டு வரிசை ராக்கெட்டுக்கு நடுவில் இவன் ஒருவன். "தண்ணிக்குள்ள போறதுல என்னப்பா சயின்ஸ்? உங்க ஊர்ல எல்லாரும் போறதுதானே" என்று கேட்டுவிட்டு நடுவர் நகர்ந்துவிட்டாராம். எந்தப் பள்ளி என்று சொல்லப்போவதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் மட்டும் சொல்கிறேன்.

விண்கலத்தின் உள்ளுக்கும் வெளிக்கும் அழுத்த வித்தியாசம் அதிகம் போனால் ஒரு வளிமண்டலம், அதாவது தரையில் காற்று நம்மை அழுத்தும் அளவு. கடலில் பத்து மீட்டர் இறங்கினாலே அந்த ஒன்று கூடிவிடும். ஆற்றில் முங்கிப் பிடிமண் எடுத்து வந்தவர்களுக்குத் தெரியும், இரண்டு ஆள் ஆழத்திலேயே காது குத்தும். காலி தண்ணீர் பாட்டிலை மூடி இறுக்கி, ஈயக்குண்டு கட்டி, பத்துப் பாகம் இறக்கிப் பையனுக்குக் காட்டினேன். மேலே வந்ததும் உப்பிக்கொண்டது. ஆனால் உடம்பெல்லாம் கசக்கின மடிப்பு. அது வெறும் 18 மீட்டர். 6,000 மீட்டரில் சுண்டுவிரல் நகத்தளவு இடத்தின் மேல் 600 கிலோ உட்காரும், அறுபது கிலோ நெல் மூட்டை பத்து. புரொப்பல்லர் தண்டு வழியாகச் சொட்டும் தண்ணீரை நிறுத்தவே நான் மல்லுக்கு நிற்கிறேன். அந்த ஆழத்தில் ஒழுக்கு என்ற பேச்சே கிடையாது, நசுங்கல்தான். 2023 ஜூனில் டைட்டானிக்கைப் பார்க்கப் போன டைட்டன் கலம் அப்படித்தான் ஐந்து பேரோடு போனது.

அப்புறம் பேச்சு. நிலவிலிருந்து ரேடியோவில் பேசினால் ஒன்றேகால் வினாடியில் இங்கே கேட்கும். உப்புத் தண்ணீரில் ரேடியோ அலை சீக்கிரமே செத்துப்போகும், ஒலியைத்தான் நம்ப வேண்டும். ஆறு கிலோமீட்டர் ஏறி வர அதற்கு நான்கு வினாடி. இந்தக் கணக்கில் நிலவைவிடக் கடலடிதான் தொலைவு.

1960இல் பிக்கார்டும் வால்ஷும் ட்ரீஸ்ட் கலத்தில், கடலிலேயே ஆழமான பள்ளமான மரியானா அகழியின் அடியைத் தொட்டார்கள். அடுத்த ஆள் போய்ச் சேர்ந்தது 2012இல். இடையில் நிலவில் 12 பேர் நடந்து முடித்து, அதற்கும் கிட்டத்தட்ட 40 வருஷம் ஆகியிருந்தது.

விண்வெளி சுலபம் என்று சொல்ல வரவில்லை. கதிர்வீச்சு உண்டு, எலும்பு தேய்வது உண்டு. ஆனாலும் அங்கே மாதக்கணக்கில் ஆள் தங்குகிறார்கள். சென்னைப் பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கும் மத்ஸ்யா 6000 என்ற ஆழ்கடல் கலம் எத்தனை நேரத்துக்குத் தெரியுமா? 80 மில்லிமீட்டர் கனமுள்ள டைட்டானியம் உருண்டை, உள்ளே 2.1 மீட்டர் அகலம், அதில் மூன்று பேர், 12 மணி நேரம்.

அடுத்த கண்காட்சியில் கடலுக்கென்று ஒரு மேசை போடுங்கள். நடுவர்களில் ஒருவராவது கடலோரத்து ஆளாக இருக்கட்டும். பாட்டில், கயிறு, ஈயக்குண்டு நான் தருகிறேன். படகுக்கும் சொல்லி வைக்கிறேன்.

பையன் அந்தத் தூக்கை இன்னும் திருப்பித் தரவில்லை. அக்கா தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு படகு மெக்கானிக், பூம்புகார்