அத்தைக்குக் கண் தெரிகிற வரைக்குமாவது, ஐயா

வட்டாரத்துப் பழைய ஆவணங்களைச் சேகரித்துக் காக்கும் பொறுப்பில் இருக்கும் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். மூன்று வருஷத்துக்கு முன் பங்குனி மாதம் தங்கள் அலுவலகத்தார் ஜீப்பில் எங்கள் ஊருக்கு வந்தார்கள். பழைய ஓலை, பத்திரம், கடிதம் எது இருந்தாலும் கொடுங்கள், படம் எடுத்துக்கொண்டு ஆறு மாதத்தில் திருப்பித் தருகிறோம் என்றார்கள். அந்த வார்த்தையை நம்பி எங்கள் அத்தை தகரப்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த 41 கடிதங்களைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். ஐந்து தடவை நேரில் வந்தாயிற்று, இரண்டு மனுவும் கொடுத்தாயிற்று. அதனால்தான் இப்போது நாலு பேர் படிக்கிற மாதிரி எழுத வேண்டியதாகிவிட்டது. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போன செவ்வாய்க்கிழமை வந்தபோதுதான் அந்தக் கடிதக் கட்டைக் கண்ணால் பார்த்தேன். ஜன்னலோரத்து இரும்பு பீரோவின் தலையில் கிடந்தது. நூல் சுற்றிக் கொடுத்த கடிதங்களை நாலைந்தாகச் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்திருக்கிறார்கள். நம் உப்புக்காற்றுக்கு அந்தப் பின் எத்தனை நாள் தாங்கும்? துரு இறங்கி ஒரு தாளில் இரண்டு எழுத்து போய்விட்டது. மேலே ஒரு பட்டியல். அதில் முதலில் இருந்த கார்டுக்கு எதிரே 1821 என்று எழுதியிருந்தது.

ஐயா, அது விக்டோரியா மகாராணி தலை போட்ட கால் அணா தபால் கார்டு. இந்தியாவில் தபால் கார்டு வந்ததே 1879-இல்தான். கார்டில் தமிழ் வருஷப் பெயராக விஷு ௵ என்று மட்டும் போட்டிருக்கிறது. அந்தக் காலத்தில் வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳ என்று சுழித்துவிட்டுப் போய்விடுவார்கள். அறுபது வருஷத்துக்கு ஒரு விஷு வரும். 1821-இலும் வந்தது, 1881-இலும் வந்தது. எது என்று அத்தையைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார். மூன்று வருஷத்தில் ஒருவரும் வந்து கேட்கவில்லை.

அத்தைக்கு இப்போது 87 வயது. எங்கள் குடும்பத்தில் அந்தக் கையெழுத்தைத் தடங்கலில்லாமல் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். புள்ளி வைக்காத எழுத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடும். நான் கல்லூரி வரை படித்தவன், எனக்கு வரிக்கு மூன்று வார்த்தை தெரிந்தால் பெரிசு. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய பாட்டனார். பாட்டனாருக்குக் கண் மங்கிய பிறகு, சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து இந்தச் சின்னப்பிள்ளைதான் அவருக்குப் படித்துக்காட்டுமாம். இப்போது அத்தைக்கே கண் நரம்பு வலுவிழந்துவிட்டது. இடது கண் போய்விட்டது. வலது கண் எவ்வளவு நாள் என்று சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். ஒவ்வொரு தடவையும் நான் தங்கள் அலுவலகத்திலிருந்து பஸ் பிடித்து வீட்டுக்கு வரும்போது வாசலிலேயே கேட்பார்: "என்னப்பு, தாள் குடுத்துட்டாகளா?" இல்லை என்று சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

கடிதங்களைத் திருப்பித் தாருங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

அந்தக் கட்டில் என்ன இருக்கிறது என்று படித்துப் பார்த்திருந்தால் பீரோ மேலே போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876-இல் தொடங்கிய அந்தப் பெரும் பஞ்சத்தில், அத்தையின் பூட்டனார் கைக்குழந்தையையும் பெண்சாதியையும் விட்டுவிட்டுத் தேவிபட்டினத்தில் தோணி ஏறினார். இலங்கையில் மன்னாரில் இறங்கி, காட்டுப்பாதையில் மாத்தளை வரை நடந்து, கூலி ஆள் சேர்க்கும் கங்காணிக்குப் பின்னால் காப்பித் தோட்டத்துக்குப் போனார். அங்கிருந்து எழுதின கடிதங்கள் பெரும்பாலும் தபாலில் வரவில்லை. ஊர் திரும்புகிற ஆள் மடியில் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தவை. ஊரணி பெருகிற்றா, அடகு வைத்த குடத்தை மீட்டாயிற்றா, நம் பனையில் இந்த வருஷம் யார் ஏறுகிறார்கள், கருப்பட்டி எத்தனை ஓலைக்கொட்டான் தேறியது என்று கேட்டுக்கொண்டே போகிறார். காப்பி இலையில் நோய் விழுந்து தோட்டம் பட்டுப்போவதையும், கங்காணி கடன் அடையாமல், தோட்டத்தை விட்டுப் போக விடும் துண்டுச் சீட்டு கிடைக்காது என்பதையும் கடைசியில் இரண்டு வரியில் சொல்லி முடித்துக்கொள்கிறார்.

அவர் பெண்சாதி எழுதினதும் இருக்கிறது. ஊர் திரும்பும்போது அவற்றையும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறார் மனிதர். அவளுக்கு எழுதத் தெரியாது, திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுதிக்கொடுத்தார். மேலே பிள்ளையார் சுழி, இவ்விடம் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுத வேண்டியது என்று எல்லாம் வாத்தியார் பாஷை. நடுவில் திடீரென்று அவள் குரல் வந்துவிடும். தபால் தலை ஒட்டாமல் அனுப்பாதீர்கள், இங்கே இரட்டிப்பாகக் கட்ட வேண்டியிருக்கிறது என்று ஒரு கடிதத்தில் கோபிக்கிறாள். இன்னொன்றில், பிள்ளை உரலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான், நாலு அடி வைத்தான் என்று சொல்லியிருக்கிறாள். கீழே பேருக்குப் பதிலாக ஒரு கீறல். மையில் கை நடுங்கினது தெரியும். அந்தப் பிள்ளைதான் அத்தையின் பாட்டனார். தான் நடக்கப் பழகின சேதியைத் தன் எழுபது வயதில் பேத்தி வாயால் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

துரு தின்ற இரண்டு எழுத்தும் அந்தத் தாளில்தான்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1910-இல்தான் ராமநாதபுரம் தனி மாவட்டம் ஆனது. அதற்கு முந்தின நம் ஊர்க்கதையைத் தேடினால் மதுரை மாவட்டக் கணக்குகளுக்குள் தேட வேண்டும். 1803-இல் சேதுபதி சீமை ஜமீன் ஆனதையும், ஜமீன் சர்க்காருக்குக் கட்டிய பேஷ்குஷ் வரியையும் அதில் பார்க்கலாம். அந்தத் தாள்களெல்லாம் பைண்டு செய்து, எண் போட்டு, கண்ணாடிக் கதவுக்குள் இருக்கின்றன. இருக்கட்டும், வேண்டியதுதான். ஆனால் குடத்தை அடகு வைத்தவள் சொன்னது மட்டும் ஏன் பீரோ மேலே கிடக்க வேண்டும்? கீழக்கரையில் என்னோடு படித்த சிநேகிதர் வீட்டில் அரபுத் தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழாக, எழுதின கடிதங்கள் ஒரு பெட்டி இருக்கிறது. கொழும்பில் வியாபாரம் செய்த ஆண்களுக்கும் வீட்டுப் பெண்களுக்கும் நடுவே போய்வந்தவை. கொடுக்கலாம் என்றுதான் இருந்தார்கள். எங்கள் கதையைக் கேட்டபிறகு பெட்டியைப் பூட்டிவிட்டார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கொடுத்த எங்களுக்குக் கிடைத்த ரசீதில் 'பழைய கடிதங்கள் – 1 கட்டு' என்று மட்டும்தான் இருக்கிறது. எத்தனை என்றுகூட எழுதவில்லை.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். தங்களிடம் ஆள் குறைவு என்பது தெரியும். படம் எடுத்து முடியவில்லை என்றால் நானே ஒரு நாள் உடனிருந்து எடுத்துக்கொடுக்கிறேன். பின்னைப் பிடுங்கிவிட வேண்டாம், தாள் கிழியும், தெரிந்தவரை வைத்துப் பொறுமையாக எடுக்க வேண்டும். அப்புறம் 41 கடிதங்களையும் எண்ணித் திருப்பித் தாருங்கள்.

வருகிற வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன். இந்தத் தடவை அத்தையையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். கடிதங்களை வைத்திருக்கும் அறை மாடியில் இருக்கிறது, அவரால் படி ஏற முடியாது. தயவுசெய்து கட்டைக் கீழே கொண்டுவரச் சொல்லி, வெளிச்சம் படுகிற இடமாகப் பார்த்து ஒரு நாற்காலி போட்டு வைக்கும்படி மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அத்தையின் அண்ணன் மகன்