எட்டு சிலிண்டர் வேண்டாம் மக்கா

நாகர்கோவில்,
ஞாயிறு இரவு.

மக்கா,

நாலு மாசமாக நீ அனுப்பியதற்கெல்லாம் கட்டைவிரலை மட்டும் காட்டிக்கொண்டிருந்தேன். கோபம் இருக்கும். திட்டுவதை ஊருக்கு வரும்போது வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். போன வாரம் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மை மரச்சீனி அவித்து, சாளைக் கறி வைத்துத் தந்தார்கள். முட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. "அவன் அங்க மெலிஞ்சு போனானாமே?" என்று கேட்டார்கள். உன் படத்தைக் காட்டினேன். அப்புறம் கேட்கவில்லை.

நம் கூட்டாளி சுக்குக்காப்பி புதுவீட்டில் பால் காய்ச்சிவிட்டான். மொட்டைமாடிக்குப் படி வைக்க மறந்துவிட்டான் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், அதனால் சொல்லவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் பழைய கான்டெசா கார் செத்துவிட்டது.

திருநெல்வேலியில் ஒரு கல்யாணம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தேன். முப்பந்தலில் காற்றாலைகளுக்கு நடுவே வரும்போது சூட்டு முள் ஏறியது. ஆரல்வாய்மொழி வந்ததும் நிறுத்தித் தண்ணீர் ஊற்றலாம் என்று நினைத்தேன். அந்தக் கொஞ்ச தூரம்தான் இன்ஜினைக் கொன்றது. ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் எப்போதோ கிழிந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. ஊரிலேயே அதிகமாகக் காற்று அடிக்கும் இடத்தில் ஒரு வண்டி சூட்டில் செத்தது என்றால் அதை ஓட்டியவனை என்ன சொல்வது? வேண்டாம், நீ சொல்லாதே. வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

பட்டறை மெக்கானிக் ஆசான் இன்ஜின் ஹெட்டைக் கழற்றினார். இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவே பிளாக்கில் முடி மாதிரி ஒரு கோடு. நகத்தை ஓட்டிப் பார்த்தேன், சிக்கியது. ஆசான் பேசாமல் கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை இல்லை. எந்த இன்ஜின் வைப்பது என்பது ஒன்றுதான் பேச்சு. நீ ஷார்ஜாவிலிருந்து வீடியோவாக அனுப்பித் தள்ளுகிறாய், எந்த வண்டியைப் பார்த்தாலும் அதற்குள் ஒரு வி8, எட்டு சிலிண்டர். மக்கா, நீ கேட்கும் அந்த எல்எஸ்1 வி8 என்பது 5.7 லிட்டர். தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் போக நம் ஆட்கள் எத்தனை தடவை பிரேக் மிதிக்கிறார்கள் என்பதை நீ மறந்துவிட்டாய். அப்புறம் டொயோட்டா சுப்ரா காரின் டூ ஜே இசட் இன்ஜின் என்றாய். மூன்று லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், இரும்பு பிளாக், ஜப்பான்காரன் காகிதத்தில் எழுதியதே 280 பிஎஸ். அதை முன்னால் தூக்கி வைத்தால் மூக்கு தரையைத் தொடும், பின் அச்சில் கிரவுன் பினியன் பல்சக்கரம் பல்லைத் துப்பிவிடும். பின்சக்கரத்தில் இருப்பது வெறும் டிரம் பிரேக். ஓடவைப்பதற்கு உன்னிடம் யோசனை இருக்கிறது, நிறுத்துவதற்கு?

இன்னொரு பழைய 1.5 லிட்டர் இன்ஜின் வாங்கிப் போட்டுவிடலாம்தான். அம்பாசடர் இன்ஜின் பழைய இரும்புக் கடையில்கூடக் கிடைக்கும். ஆனால் அதுதானே இந்த வண்டியின் பிறவிக் குறை. 1984இல் வாக்ஸ்ஹால் விக்டரின் அவ்வளவு பெரிய உடம்பைக் கொண்டுவந்து, இந்துஸ்தான் மோட்டார்ஸ் உத்தர்பாரா தொழிற்சாலையில் அதற்குள் அம்பாசடரின் 1489 சிசியை வைத்தார்கள். 50 குதிரை. யானைக்கு ஆட்டுக்கால். நீளமான மூக்கும், பின்சக்கரம் தள்ளும் ஓட்டமும், அந்த உட்கார்வும் பார்த்து, இந்துக் கல்லூரிப் பக்கத்து டீக்கடையில் நாம் இதை ஸ்போர்ட்ஸ் கார் என்றோம். ஒரு அரசுப் பேருந்து நம்மைத் தாண்டிப் போனதும் நீ கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்துகொண்டாய். எனக்கு நினைவிருக்கிறது.

முதலில் ஜிப்ஸி இன்ஜினில் விழுந்தேன். 1298 சிசி, பதினாறு வால்வு, 80 குதிரை, அலுமினிய பிளாக், எடை குறைவு. அதைவிட முக்கியம், அது நெடுக்காக உட்கார்ந்திருக்கும் இன்ஜின். இதைத்தான் நீயும் அந்த வீடியோக்காரர்களும் யோசிப்பதில்லை. ஹோண்டா விடெக் இன்ஜினை வை என்கிறாய். முன்சக்கர வண்டியின் இன்ஜின் குறுக்காகப் படுத்திருக்கும், கியர்பாக்ஸும் சக்கர அச்சும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். அதைத் திருப்பி நெடுக்காக வைத்தால் பின்னால் மாட்ட கியர்பாக்ஸ் எங்கே? இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கும் பெல் ஹவுசிங்குக்குத் தகடு வெட்டவேண்டும், கிளட்ச் தட்டு மையம் மயிரிழைகூட விலகக்கூடாது. ஜிப்ஸியில் அந்தத் தொல்லை இல்லை. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் விசை பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸ் தனியாகத் தொங்குவதால் கியர்பாக்ஸிலிருந்து புரொப்பெல்லர் ஷாஃப்டை நேராகப் பின்னால் எடுத்துவிடலாம். ஆனால் கான்டெசா ஒரு டன்னுக்கு மேல். சின்ன இன்ஜின், அடியில் இழுவை வராது. நாலு பேர் ஏறி பேச்சிப்பாறை ஏற்றத்தில் போனால் இறங்கித் தள்ளவேண்டியதுதான்.

இங்கேதான் ஆசானின் பேரன் நுழைந்தான். ஐடிஐ முடித்துவிட்டுப் பட்டறையிலேயே நிற்கிறான், கையில் எப்போதும் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர். "சித்தப்பா, இன்னோவா பெட்ரோல் இன்ஜின் வைப்போம்" என்றான். பையன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இரண்டு லிட்டர், 136 பிஎஸ், பின்சக்கர வண்டி, ஐந்து கியரோடு அப்படியே தூக்கிவிடலாம், ஸ்பேர் எந்த ஊரிலும் கிடைக்கும். இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. அட்டைப்பெட்டியை வெட்டி இன்ஜின் அளவுக்குப் பெட்டி செய்து பானெட்டுக்குள் இறக்கிப் பார்த்தோம். அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தொடங்கியது. அடியிலுள்ள ஆயில் சம்ப் குறுக்குச்சட்டத்தில் இடிக்குமா, ஒயரிங் முழுசையும் டேஷ்போர்டிலிருந்து உரித்துக்கொண்டு வரவேண்டுமா, சாவியை அடையாளம் காணும் பெட்டியை என்ன செய்வது, டாங்கிக்குள் மின்சாரப் பம்பு எப்படி இறக்குவது. ஆசான் ஒரு மூலையில் பீடி குடித்துக்கொண்டு கேட்டார்: "லேய், ராத்திரி பத்து மணிக்கு குழித்துறைப் பாலத்துல நிண்ணா அந்தப் பெட்டிக்க கிட்ட என்ன கேப்பே?" பேரன், "ஸ்கேனர் போட்டுக் கேட்பேன்" என்றான். "ஸ்கேனர் வீட்டுல இருந்தா?" அன்று இருவரும் சாயங்காலம் வரை பேசிக்கொள்ளவில்லை.

ஆசான் சொன்ன இன்ஜின் இசுசு 1.8. பின்னாளில் கான்டெசாவிலேயே கம்பெனி வைத்தது, 1817 சிசி, ஐந்து கியர், 88 குதிரை. அதே இன்ஜின் தொண்ணூறுகளில் அம்பாசடர் 1800 ஐஎஸ்இசட்டிலும் வந்தது, அதனால் மூலையில் கிடக்கும் அம்பாசடரையும் தேடலாம். நம் நாலு கியர் பெட்டி அதற்குப் பொருந்தாது, இன்ஜினையும் ஐந்து கியரையும் சேர்த்தே வாங்கவேண்டும், ஷாஃப்ட் நீளத்தைக் கோட்டாறு லேத்தில் சரிசெய்து பேலன்ஸ் பார்க்கவேண்டும். அவ்வளவுதான். கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், காதால் கேட்டுச் சரிசெய்யக்கூடியது.

காது என்றதும் ஒன்று சொல்லவேண்டும். ஆசானுக்கு இடது காது போய்விட்டது. இப்போதெல்லாம் நீளத் திருப்புளியை டாப்பெட் மூடியில் ஊன்றி, கைப்பிடியை வலது காதில் வைத்துக் கேட்கிறார். கேட்டு முடித்ததும் பேரனைக் கூப்பிட்டு அவன் காதிலும் வைக்கிறார். "என்ன கேக்கு?" என்பார். அவன் சொல்வது தான் கேட்டதோடு ஒத்துவந்தால்தான் ஸ்பேனரை எடுக்கிறார். முந்தாநாள் ஒரு ஜீப்பில் அப்படி நடந்தது. பையன் "மூணாவது" என்றான். ஆசான் தலையை ஆட்டவே இல்லை, மறுபடி ஊன்றிக் கேட்டார், அப்புறம் மூன்றாவதைத் திறந்தார். இசுசுதான் என்று நான் அங்கேதான் முடிவெடுத்தேன். பையன் சொன்ன இன்னோவாவே நல்ல இன்ஜின், அதில் சந்தேகமில்லை. ஆனால் இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஆசான் கேட்கப்போவதை அவன் கேட்டுப் பழக ஒரு வண்டி வேண்டும். என் பணத்தில் அவன் படிக்கட்டும். இதை அவர்கள் இருவரிடமும் சொல்லவில்லை, நீயும் உளறாதே.

கள்ளத்தனம் ஒன்றும் இல்லை. ஆர்.சி. புக்கில் 1489 சிசி என்று இருக்கிறது, புதுப்பிக்கும் நாளும் வருகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, இன்ஜின் மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கம்பெனி அளித்த அமைப்பிலிருந்து விலகக்கூடாது என்று சொன்ன பிறகு பிடி இறுகிவிட்டது. கம்பெனியே இதே உடம்பில் வைத்த இன்ஜின் என்பதால் மனு எழுத வாய் இருக்கிறது. டூ ஜே இசட்டுக்கு என்னவென்று எழுதுவேன்?

இன்ஜின் தேடியதில் ஒரு இடத்தில் ஏமாந்தேன். கோயம்புத்தூரில் ஒரு கடைக்காரன் படம் அனுப்பினான், புதுப்பெண் மாதிரி பெயின்ட் அடித்திருந்தது, அட்வான்ஸ் போட்டுவிட்டேன். நேரில் போய் ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பால் விட்ட காப்பி நிறத்தில் கெட்டியாக ஒட்டியிருக்கிறது. ஆயிலில் தண்ணீர். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிராங்கைக் கையால் சுற்றினேன், பாதியில் நின்றுவிட்டது. அட்வான்ஸ் திரும்பவில்லை. வீட்டில் அது பஸ் செலவு என்று கணக்கு.

நல்லது கடைசியில் கருங்கல் பக்கத்தில் கிடைத்தது. ஒரு ரப்பர் தோட்டக்காரர் வீட்டுத் தார்ப்பாய்க்குள் 1800 அம்பாசடர், சக்கரம் இல்லை, உள்ளே கோழி முட்டை வைத்திருந்தது. நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் ஒன்றுக்கொன்று ஒட்டி நிற்கிறது. கோழியை எழுப்பத்தான் பேச்சுவார்த்தை தேவைப்பட்டது.

இனி உன் வேலை. இங்கே பெட்ரோலில் இப்போது இருபது சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ்கள் ஊறிப்போய் வெடிக்கின்றன, கார்புரேட்டர் ஜவ்வுகளும் அப்படியே. ஷார்ஜாவில் ஸ்பேர் கடைத் தெருவே இருக்கிறதே, அங்கே 30ஆர்9 என்று முத்திரை குத்திய எரிபொருள் ஹோஸ் கேள், எட்டு மில்லிமீட்டர் உள்விட்டம், நாலு மீட்டர். அதோடு இசுசு 1.8 பெட்ரோலுக்கு ஹெட் கேஸ்கட் ஒரு செட். பழைய கேஸ்கட்டைத் தாளில் வைத்து ஆசான் வரைந்த படம் இதோடு வருகிறது, ஓட்டை ஓட்டையாக எண்ணிப் பார்த்து வாங்கு. நீ வரும் பெட்டியில் பேரீச்சம்பழத்துக்கு இடம் குறைந்தால் குறையட்டும், அம்மைக்கு நான் மட்டிப்பழம் வாங்கிக் கொடுத்துக்கொள்கிறேன்.

உன்,
கிளட்ச்