ஓட்டைப் பிரிக்கும் முன் ஒரு வார்த்தை, ஃபாதர்

நம் உயர்நிலைப் பள்ளியின் மேலாளர் தந்தை அவர்களுக்கும், விழாக் குழுவில் இருக்கிற அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகள், சிஸ்டர்கள் எல்லாருக்கும்,

ஸ்தோத்திரம்.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்து வெளியே வரும்போது வாசலில் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள். வழுவழுப்பான காகிதம். முன்பக்கம் மூன்று மாடிக் கட்டடத்தின் கம்ப்யூட்டர் படம், அதன் முன்னால் நம் ஊரில் வளரவே வளராத ஏதோ மரம். பின்பக்கம் பள்ளியின் வரலாறு, பதினொரு வரி. அதில் ஏழு வரி மேலாளர்களின் பெயர். மலையாளத்தில் ஒருமுறை, இங்கிலீஷில் ஒருமுறை. கடைசியில், மார்ச் பரீட்சை முடிந்ததும் பழைய ஓட்டுக் கட்டடம் பிரிக்கப்படும் என்று இருந்தது. நினைவுகளை எழுதி அனுப்பச் சொல்லியும் கேட்டிருந்தீர்கள். சரி, அனுப்புகிறேன். ஆனால் விழா மலருக்குள் போட்டால் நாலு வரியாக வெட்டிவிடுவீர்கள் என்பதால் எல்லாருக்கும் தெரியவே எழுதுகிறேன்.

பள்ளியின் பெயரை எழுதவில்லை. கேரளத்தில், பாலக்காட்டு எல்லையில் இருக்கிற கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும். மற்றவர்களுக்கு அவசியமும் இல்லை. வேலந்தாவளம் தொடங்கி மீனாட்சிபுரம் வரை எல்லையோரத்தில் இதே மாதிரி யோசனையோடு இருக்கிற பள்ளிக்கூடங்கள் வேறு இருந்தால், அவர்களும் படிக்கட்டும்.

நான் அங்கே ஐந்து முதல் பத்து வரை படித்தவன். இப்போது கட்டட வேலை. சித்தாளாகப் போய், கொத்தனாராகி, இன்று நாலு பேருக்கு வேலை கொடுக்கிறேன். புதுக் கட்டடமே கூடாது என்று நான் சொன்னால் என் கரணையே என்னைப் பார்த்துச் சிரிக்கும். பிள்ளைகளுக்கு இடம் போதவில்லை, ஃபிட்னஸ் சர்டிபிகேட் வாங்க ஒவ்வொரு மே மாதமும் அலைச்சல், எல்லாம் தெரியும். ஆனால் அந்த ஓட்டுக் கட்டடம் 'இடியும் நிலையில் இருக்கிறது' என்று நோட்டீஸில் போட்டிருந்தீர்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ஏனென்றால் நான் அதன் கூரைமேல் ஏறியவன்.

எட்டு வருடம் முன்பு ஆடிக் காற்றில் வடக்குச் சரிவு ஓடு பறந்தது நினைவிருக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சும்மா விடாது. அப்போதிருந்த ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு, இரண்டு ஆட்களோடு போய் ஏறினேன். ஓட்டை விலக்கிப் பார்த்தால் உள்ளே முழுக்கப் பனங்கை, பனையில் அறுத்த கைமரம். வைரம் பாய்ந்த கரும்பனை. தேக்கு வாங்கக் காசில்லாதவர்கள் காட்டில் நின்றதை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். உளியை வைத்து அடித்தால் உளிதான் எகிறியது. ஒழுகல் விழுந்த மூலையில் மூன்று கை மட்டும் மக்கியிருந்தது. மாற்றினேன். ரீப்பர் கொஞ்சம் மாற்றினேன். அவ்வளவுதான் சேதம்.

ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் அடியில் பாசல் மிஷன் முத்திரை. 1865-இல் மங்களூரில் ஓட்டு ஆலை போட்டு, பிறகு மலபார் முழுக்கப் பரப்பியவர்கள் அவர்கள். பிராட்டஸ்டண்டுக்காரர்கள்! நாம் அத்தனை வருடம் அவர்கள் ஓட்டுக்குக் கீழே உட்கார்ந்துதான் ஜெபமாலை சொல்லியிருக்கிறோம். ஹெட்மாஸ்டரிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார். முதல் உலகப் போருக்குப் பிறகு அந்த ஆலைகள் வேறு கம்பெனி கைக்குப் போய்விட்டன. அப்படியானால் அந்த ஓடு பள்ளிக்கூடத்தைவிட மூத்தது. என் பாட்டி சொன்னதும் அதற்குப் பொருந்தி வருகிறது: யாரோ ஒருவர் தன் வீட்டைப் பிரித்து ஓட்டை வண்டியேற்றி அனுப்பினாராம். அவர் பெயர் உங்கள் பதினொரு வரியில் இல்லை.

பாட்டி இன்னொன்றும் சொல்வார். ஒவ்வொரு ஞாயிறும் பூசைக்கு வருகிறவர்கள் ஆளுக்கொரு கல்லோ, ஒரு கூடை மணலோ கொண்டுவந்து போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டுமாம். பெண்கள் சமைக்கும்போது ஒரு பிடி தானியம் எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார்களாம். கோட்டயம் பக்கத்து மன்னானத்தில் சாவறைத் தந்தை என்ற குரு இதே பிடியரிசியை வைத்துத்தான் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு போட்டார். 1846-இல் அங்கே சமஸ்கிருதப் பள்ளி தொடங்கியவர், 1864-இல் ஒவ்வொரு கோயிலோடும் ஒரு பள்ளிக்கூடம் வேண்டும் என்று உத்தரவே போட்டார். வழிபாட்டு முறையில் அவர்கள் சிரியன் ரீத்து, நாம் இலத்தீன். அவர்களுக்கு அரிசி விளையும், நமக்குக் கடலைக்காயும் சோளமும்தான். எங்கள் பானையில் பிடிச் சோளம் விழுந்தது.

மலையாளத்தில் பள்ளி என்றால் கோயில், தமிழில் பள்ளி என்றால் ஸ்கூல். சின்ன வயதில் திருச்சூரிலிருந்து வந்த ஒரு சிஸ்டர் 'இன்னு பள்ளியில் போயோ' என்று கேட்டபோது, 'இன்னைக்கு லீவு சிஸ்டர்' என்று சொல்லி அடி வாங்கியவன் நான்.

அப்பாவின் முதியோர் பென்ஷனுக்கு வயதுச் சான்று வேண்டி ஒருமுறை ஆபீஸுக்குப் போனேன். கிளார்க் பழைய அட்மிஷன் ரெஜிஸ்டரை எடுத்து மேசைமேல் வைத்தார். மூலையெல்லாம் செல்லரித்திருந்தது, புரட்டினால் கையில் தூள் ஒட்டியது. அப்பாவின் பெயரைத் தேடுகிற சாக்கில் அரை மணி நேரம் படித்தேன். தொடக்கத்தில் கொச்சி சமஸ்தானம். நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்கா அப்போது கொச்சி ராஜாவுடையது. 1949 ஜூலைக்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. 1956 நவம்பருக்குப் பிறகு கேரளம். அரசாங்கம் மூன்று மாறியிருக்கிறது, பெஞ்சு மாறவில்லை. கையெழுத்தும் பக்கத்துக்குப் பக்கம் தமிழ், மலையாளம், இங்கிலீஷ் என்று மாறி மாறி வருகிறது.

இதில் வேடிக்கை, ராஜா கொச்சியில் இருந்தாலும் நமக்கு மேற்றிராணியார், அதாவது பிஷப், இருந்தது கோயம்புத்தூரில். பாரிஸிலிருந்து வந்த பிரெஞ்சு சாமிமார் வளர்த்த மிஷன் அது. 1886-இல் மறைமாவட்டமானது. 2013 டிசம்பர் 28-இல் சுல்தான்பேட்டை தனி மறைமாவட்டமாகும் வரைக்கும் இந்த எல்லைப் பங்குக் கோயில்கள் கோவையோடுதான் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூருக்கு உட்பட்டவர்கள், திங்கட்கிழமை சித்தூர்க் கச்சேரிக்கு உட்பட்டவர்கள். இந்த இரட்டைப் பிழைப்பு இல்லாமல் நம் பள்ளிக்கூடமே இல்லை. அதுவும் நோட்டீஸில் இல்லை.

ரெஜிஸ்டரில் என்னைப் பிடித்து நிறுத்தியது கடைசிப் பத்தி: 'நின்றதற்குக் காரணம்'. ஒருவனுக்கு 'மாடு மேய்க்க'. ஒருவனுக்கு 'எஸ்டேட்டுக்குப் போனது'. மூன்று பெண் பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து 'விவாகம்'. என் அப்பாவுக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை, ஒரு கோடு மட்டும். நான் வீட்டுக்கு வந்து கேட்டேன். 'மழையில்லாத வருஷம்டா' என்றார்.

கட்டடங்கள் வளர்ந்த கதைக்கு வருகிறேன். ஓட்டுக் கட்டடத்தில் நாலாவது வரை எல்.பி., பிறகு ஏழாவது வரை யு.பி., பிறகு ஹைஸ்கூல். கேரளக் கல்விச் சட்டம் வந்த பிறகு சர்க்கார் உதவி பெறுகிற எய்டட் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சம்பளம் சர்க்கார் கொடுக்கிறது. நிலமும் சுவரும் மேலாளர் பாடு. மேலாளர் என்றால் பங்கு, பங்கு என்றால் நாம். அதனால் ஒவ்வொரு சுவரும் திருவிழா ஏலத்தில் எழும்பியது. ஒரு தேங்காய் நூறு ரூபாய்க்கும், ஒரு சேவல் ஐந்நூறுக்கும் போனதை நானே பார்த்திருக்கிறேன். ப்ரீடிகிரியைக் கல்லூரிகளிலிருந்து எடுத்துவிட்டுப் பள்ளிகளில் பிளஸ் டூ வைத்தபோது இன்னொரு கான்கிரீட் பிளாக் வந்தது. அதற்குள் அதன் சன்ஷேடில் கம்பி தெரிகிறது. இதைக் கட்டியவன் நான் இல்லை, ஆனாலும் என் தொழில்காரன்தான் என்பதால் வெட்கமாக இருக்கிறது. 2018-இல் ஹைடெக் திட்டம் வந்தது. மாநிலம் முழுக்க 45,000 வகுப்பறைகளில் புரொஜெக்டர் மாட்டினார்கள், நம்முடையதிலும்தான். நல்ல காரியம். அப்புறம் அந்த ஆர்ச். ஆர்ச்சைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

இத்தனையும் வந்தபோது போனவற்றையும் சொல்ல வேண்டும். வாலிபால் கோர்ட் இப்போது ஸ்கூல் பஸ் நிற்கிற இடம். கிணற்றுக்கு ஸ்லாப் போட்டு மூடியாயிற்று. போர் போட்டு, அது வற்றி, இன்னொரு போர் போட்டாயிற்று. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாகச் சித்தூர்ப்புழைக்கு வருடம் 7.25 டி.எம்.சி. வர வேண்டும். வந்தாலும் அது நம் கிழக்குக் கரிசலுக்கு மேடேறி வருவதில்லை. பழைய கட்டடத்தின் ஓட்டுச் சரிவு நல்ல நீளம். தாழ்வாரத்தில் தண்ணீர் ஓட ஒரு பாத்தி வைத்து மழைத்தண்ணீரை அந்த மூடிய கிணற்றுக்குள் விட்டால், வாங்குகிற லாரித் தண்ணீரில் கொஞ்சமாவது மிச்சமாகும். கட்டடத்தைப் பிரித்துவிட்டு, பிறகு மழைநீர்த் தொட்டிக்கு எஸ்டிமேட் போடுவது என்ன கணக்கோ.

இன்னொன்றும் சுருங்கியது. நான் படிக்கும்போது தமிழ் டிவிஷன் ஏ, பி, சி என்று மூன்று. இப்போது ஒன்றுதான், அதுவும் தள்ளாடுகிறது. பள்ளி திறந்து ஆறாவது வேலைநாள் தலையெண்ணல் என்றால் என்ன என்று இங்கே வாத்தியார் குடும்பத்துக்கு மட்டுமில்லை, கடலை பறிக்கிறவர்களுக்கும் தெரியும். அன்றைக்குப் பெஞ்சில் இருக்கிற தலையை வைத்துத்தான் டிவிஷனும் வாத்தியார் போஸ்டும். எங்கள் தமிழ் மாஷ் காலை ஏழு மணிக்கே சைக்கிளில் வீடு வீடாக வருவார். எனக்கு ஒருமுறை அம்மை தழும்பு ஆறியும் ஆறாமலும் இருந்தது. 'கடைசி பெஞ்சில் படுத்துக்கோடா, மூச்சு விட்டால் போதும்' என்று கேரியரில் வைத்துக் கொண்டுபோனார். இன்று அப்படி ஓட ஆள் இல்லை என்று வாத்தியார்களைக் குறை சொல்லவில்லை. நாமே பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்தில் போட்டுவிட்டு, டிவிஷன் போச்சே என்று டீக்கடையில் அழுகிறோம். நானும் அப்படித்தான், என் மகள் படித்தது இங்கிலீஷ் மீடியம்.

ஆனால் மீடியம் வேறு, புதுக் கட்டடத்தில் வைக்கிற கல்வெட்டு வேறு. நோட்டீஸில் தமிழ் இல்லாதது அச்சகத்தில் நேர்ந்த தவறு என்று ஒருவர் சொன்னார். கல்லில் அந்தத் தவறு வேண்டாம். எஸ்.எஸ்.எல்.சி. கேள்வித்தாளையே இந்த மாநிலம் தமிழிலும் அச்சடித்துத் தருகிறது. இந்திய எழுத்தில், இந்திய மண்ணில் அச்சான முதல் புத்தகம் எது தெரியுமா? 1578 அக்டோபர் 20-இல் முடிந்த 'தம்பிரான் வணக்கம்'. பதினாறு பக்கம், தமிழ். போட்டவர் ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்ற சேசுசபைக் குரு. அச்சான ஊர் கொல்லம். கேரளத்தில், கத்தோலிக்கக் குருவின் கையால், நானூற்று நாற்பது வருடத்துக்கும் முன்பே தமிழ் அச்சேறியிருக்கும்போது, நம் பள்ளி வாசலில் ஒரு கிரானைட்டில் ஏறாதா?

என் கேட்பு இதுதான், ஃபாதர். புது பிளாக்கை முப்பதடி மேற்கே தள்ளினால் வேலிக்காத்தான் முளைத்துக் கிடக்கிற மூலை இருக்கிறது. அங்கே மண் உறுதியா என்று குழி தோண்டிப் பாருங்கள், தோண்ட ஆள் நான் தருகிறேன். தள்ள முடியாது என்று இன்ஜினியர் சொன்னால் அதை எழுத்தில் பங்குப் பேரவையில் வையுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன். அப்போதும் முன்பக்க இரண்டு அறையும் தாழ்வாரமும் மட்டும் நிற்கட்டும். அதில் அந்த ரெஜிஸ்டர்களை வையுங்கள். அதற்கு முன்பு அவற்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துவிடுங்கள், இன்னும் இரண்டு மழைக்காலம் தாங்காது. மலரில் எழுதும்போது பிள்ளைகளின் பெயரைப் போட வேண்டாம், காரணங்களை மட்டும் போடுங்கள். எத்தனை 'மேய்க்க', எத்தனை 'விவாகம்' என்று. எந்த மேலாளர் பெயரையும் எடுக்கச் சொல்லவில்லை. அந்த ஓட்டு வண்டிக்காரரின் பெயரைத் தெரிந்தவர்கள் யாராவது ஊரில் இருக்கிறார்களா என்று ஒரு பூசையில் அறிவிப்பு மட்டும் செய்யுங்கள். எண்பது தாண்டியவர்கள் காலைப் பூசைக்கு வருகிறார்கள், அதில் சொல்லுங்கள்.

இனி என் பங்குக்கு ஒரு வேலை. வருகிற சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. ஏணி, டேப், தூக்குக்குண்டு எல்லாம் இருக்கிறது. மகள் லீவில் வந்திருக்கிறாள், வரைபடம் போடத் தெரியும். கட்டடத்தை அளந்து, ஒவ்வொரு பனங்கையையும் தட்டிப் பார்த்து, எது நிற்கும் எது நிற்காது என்று எழுதித் தருகிறேன். கூலி வேண்டாம். வடக்குக் கதவின் சாவியைப் பியூன் அண்ணனிடம் கொடுத்து வையுங்கள். மழைக்குப் பிறகு அந்தக் கதவு உப்பியிருக்கும், சாவி திரும்பினாலும் திறக்காது. கீழே வலது மூலையில் காலால் ஒரு தள்ளு தள்ளச் சொல்லுங்கள், திறந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு பழைய மாணவன்