தூரத்தோடு உயரத்தையும் எழுதுங்கள்

நீர்க்கரையும் குன்றும் ஒட்டி அமைந்த நகரங்களின் மாநகராட்சி, சுற்றுலாத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

படகுத்துறையில் நீங்கள் நட்டிருக்கும் பலகை ‘காட்சிமேடை 400 மீ.’ என்கிறது. அந்த 400 மீட்டருக்குள் 80 மீட்டர் ஏற்றம் இருப்பதை அது சொல்வதில்லை. படி ஒன்றுக்கு 16 செ.மீ. என்று வைத்தால் 500 படி. ஐந்து நிமிட நடைதானே என்று கைக்குழந்தையோடும் பெட்டியோடும் கிளம்புகிறவர், பாதியில் ஏறவும் முடியாமல் இறங்கவும் மனமில்லாமல் யார் வீட்டு வாசற்படியிலோ உட்கார்ந்துவிடுகிறார்.

மலையேறுபவர்களுக்காக ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நைஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு உங்களுக்கும் உதவும். 5 கி.மீ. நடக்க ஒரு மணி நேரம். ஏறும் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் கூடுதலாக 10 நிமிடம். மேலே சொன்ன வழிக்கு 13 நிமிடம் வருகிறது. அதுவும் நல்ல திடமானவர் நிற்காமல் ஏறினால்தான். வேடிக்கை பார்த்து, மூச்சு வாங்கி ஏறுகிறவருக்கு 20 என்று போடுவதே நியாயம். ‘500 படி, ஏற 20 நிமிடம், இறங்க 10’ என்று அடிவாரத்திலேயே எழுதுங்கள். இத்தாலியின் நேப்பிள்ஸில் சான் மார்ட்டினோ குன்றிலிருந்து இறங்கும் பெடமென்டினா படிப்பாதையில் 414 படிகள் என்று தெரிந்து வருகிறவர், அதற்கேற்ற செருப்போடு வருகிறார்.

நீங்கள் இலவசமாகத் தரும் வரைபடத்திலும் இதே குறைதான். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளை அழகுக்காக எடுத்துவிடுகிறீர்கள். வரைபடத்தில் ஒட்டினாற்போல் இருக்கும் இரண்டு தெருக்களில் ஒன்று, நேரில் தடுப்புச்சுவருக்கு மேலே மூன்று மாடி உயரத்தில் இருக்கும். கைபேசியும் இங்கே முழுத் துணையல்ல. குறுகிய படிச்சந்துகளில் சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னல் ஆளைப் பக்கத்துத் தெருவில் காட்டும். 10 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு போட்டு, படிப்பாதையை வேறு நிறத்தில் காட்டினாலே பாதிக் குழப்பம் தீரும். சக்கர நாற்காலிக்காரருக்கு 1:12 சரிவுக்குள் (12 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் ஏற்றம்) அடங்கும் வழி எது, எங்கே முடிகிறது என்பதும் அதில் இருக்க வேண்டும். பாதி தூரம் போய்ப் படியில் முட்டும் வழியைக் காட்டாமல் விடுவதே மேல்.

படிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு படியின் உயரத்தையும் ஒரு படியில் கால் வைக்கும் அகலத்தையும் கூட்டினால் 60 முதல் 65 செ.மீ. வருவது காலுக்கு இதமான அளவு. அதைவிட முக்கியம், எல்லாப் படியும் ஒன்றுபோல் இருப்பது. நாலைந்து படி ஏறியதுமே கால் அந்த உயரத்தை மனப்பாடம் செய்துகொள்கிறது. பிறகு ஒரு படி 2 செ.மீ. மாறினாலும் தடுக்கும். இந்தக் குறை எப்படி வருகிறது தெரியுமா? அடிவாரச் சாலைக்குப் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுத் தார் போடுகிறார்கள். சாலை உயர்ந்து, கடைசிப் படி குட்டையாகிவிடுகிறது. இறங்கி வருகிறவர் விழுவது அங்கேதான். தேய்ந்து வழவழப்பான கற்களை, மாற்றத் தேவையில்லை, சொரசொரப்பாகக் கொத்திவிட்டால் போதும். கைப்பிடி இரண்டு பக்கமும் வேண்டும். முழங்கால் வலிக்காரருக்கு ஏறுவதைவிட இறங்குவதே கடினம்.

வடம் இழுக்கும் விஞ்ச் வண்டி, லிஃப்ட், எஸ்கலேட்டர் உள்ள இடங்களில் அவை ஓடும் நேரத்தைக் கீழேயும் மேலேயும் எழுதுங்கள். ஹாங்காங்கின் சென்ட்ரல்–மிட்லெவல்ஸ் எஸ்கலேட்டர் 1993 முதல் ஓடுகிறது. காலை 10 மணி வரை கீழ்நோக்கி, அதன்பின் நள்ளிரவு வரை மேல்நோக்கி. இது தெரியாமல் காலை 9 மணிக்கு அடியில் வந்து நிற்பவருக்குப் படிதான் கதி. பழுதென்றால் அதைக் கீழ் நிலையத்தில் மட்டுமல்ல, படகுத்துறையிலேயே அறிவியுங்கள்.

பழைய விஞ்சுகளில் வடத்தின் நடுப்பகுதியைப் பார்ப்பது மட்டும் சோதனை ஆகாது. 2025 செப்டம்பரில் லிஸ்பனின் குளோரியா விஞ்ச் பாதையில் வடம் பெட்டியோடு சேரும் பிடிமானத்தில் விட்டுப்போய் 16 பேர் இறந்தார்கள். கழற்றாமல் பார்க்க முடியாத இடம் அது. கழற்றிச் சோதித்த கடைசித் தேதியை நிலையத்தில் எழுதிவைக்கும்படி மன்றாடிக் கேட்கிறோம்.

நீர்க்கரையில் ஓதமே, அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கமே, எஜமான். நீர் வற்றும்போது மிதவைத் துறையின் நடைபாலம் செங்குத்தாகச் சாய்கிறது. ஓதம் ஏறி இறங்கும் கீழ்ப்படிகளில் பாசி படர்கிறது. அன்றைய ஓத நேரத்தைத் துறையில் எழுதி, பாசிக்கோட்டுக்கு மேல் சங்கிலி கட்டுங்கள்.

காட்சிமேடைக்கு எப்போது போவது என்பதையும் சொல்லலாம். மேற்குப் பார்த்த குன்றென்றால் காலையில் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும். துறைமுகமும் கப்பல்களும் துலங்கும். மாலையில் எதிர்வெயில் கண்ணைக் கூசவைக்கும். அஸ்தமனம் பார்க்க மட்டும் அந்த நேரம். இதை எழுதினால் கூட்டமும் இரண்டாகப் பிரியும். அந்தப் படிகள்தான் குன்றுவாசிகளின் தெரு. இரவில் மேலே கூடும் கூட்டத்தின் பேச்சு அவர்கள் படுக்கையறை வரை கேட்கிறது.

வேலையைப் படகுத்துறைப் பலகையில் தொடங்குங்கள். படிகளை எண்ண இரண்டு பேரும் ஒரு காலைப்பொழுதும் போதும். ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை எண்ணச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குன்றும் கரையும் நடந்து பார்ப்பவர்கள்