இசக்கிக்கு, உதவித்தொகை விஷயமாக

அன்புள்ள இசக்கி,

அடுத்தவங்ககிட்ட போய் நிக்கணுமாப்பா என்று நேற்று போனில் கேட்டாயே, அது மனசிலேயே கிடக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை தாயி. படிக்கிற பிள்ளைகளுக்கென்றே எடுத்து வைத்த பணம், நீ மனு போடாவிட்டால் வேறொரு பிள்ளைக்குப் போகும், அவ்வளவுதான்.

முதலில் ரிலையன்ஸ் பவுண்டேஷனுக்குப் போடு. அது பட்டப்படிப்பில் முதலாம் ஆண்டு சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று விட்டால் அதோடு போச்சு. நாடு முழுக்க 5,000 பேர் வரை எடுக்கிறார்கள், படிப்பு முடிகிற வரைக்கும் சேர்த்து 2 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், ஆன்லைனில் ஒரு திறனறித் தேர்வும் உண்டு. எச்டிஎஃப்சி வங்கி பரிவர்த்தன் திட்டத்தில் கொடுப்பதற்குக் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், மார்க் 55 சதவீதம். இரண்டும் நமக்குச் சரியாக வருகிறது.

ஆனால் எனக்கு நம்பிக்கை அதிகம் உள்ளூர்க்காரர்கள் மேல்தான். நம் சமுதாயச் சங்கம், அம்பாசமுத்திரத்தில் இருக்கிற சின்னச் சின்ன டிரஸ்ட்டுகள், நீ படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள்... இவர்கள் ஐயாயிரம், பத்தாயிரம் என்றுதான் கொடுப்பார்கள், ஆனால் மனு போடுகிறவர்களும் குறைவு, ஹாஸ்டல் மெஸ் பில்லுக்காவது ஆகும். பேப்பரில் நெல்லைப் பதிப்பில் ஒரு மூலையில் அறிவிப்பு வரும், நான் கத்தரித்து வைக்கிறேன்.

வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் பதிந்தாகிவிட்டது, விஏஓ, ஆர்ஐ பார்த்து தாசில்தார் ஆபீசிலிருந்து வர வேண்டும். உன் பாஸ்புக்கில் இனிஷியல் முன்னால் இருக்கிறது, ஆதாரில் பின்னால். பேர் ஒத்துவரவில்லை என்று பணம் திரும்பிப் போய்விடக் கூடாது, பேங்கில் சொல்லி இப்போதே சரிபண்ணு.

உங்களைப் பற்றி எழுதுக என்று ஒரு இடம் இருக்கும். அங்கே பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம். ராத்திரி அடுப்படி வேலை முடிந்து அம்மா சுளகை மடியில் வைத்து பீடி சுற்ற உட்காருவாளே, நீ பக்கத்தில் இருந்து முனை மடக்கிக் கொடுத்துக்கொண்டே பாடம் ஒப்பிப்பாயே, அதை அப்படியே எழுது. யாரையும் பார்த்து எழுதினால் வராது, அது உனக்குத்தான் தெரியும்.

வேறு உதவித்தொகை வாங்குகிறாயா என்று கேட்டால் புதுமைப்பெண் திட்டத்தில் மாசம் 1,000 ரூபாய் வருவதை மறைக்காமல் போடு. அம்மாவின் பீடித் தொழிலாளர் கார்டை வைத்து மத்திய அரசு கொடுப்பது தனி, அதை நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் போட வேண்டும். அப்புறம், பதிவுக்கட்டணம் கட்டு, ஓடிபி சொல்லு என்று யார் கூப்பிட்டாலும் போனை வைத்துவிடு. பிள்ளைக்குப் பணம் கொடுக்கிறவன் பிள்ளையிடமே பணம் கேட்க மாட்டான்.

வெள்ளிக்கிழமையே காலேஜ் ஆபீசில் போனஃபைட்டுக்கு, அதாவது நீ அங்கே படிக்கிறாய் என்கிற சான்றுக்கு, எழுதிக் கொடு, இரண்டு காப்பியாகக் கேள். பீஸ் ரசீதோடு சேர்த்துப் போட்டோ எடுத்து அனுப்பு, சங்கத்து மனுவை நான் இங்கேயே கொடுத்துவிடுகிறேன்.

அப்பா