பணம் கட்டியது ஒரு பரிசோதனைக்கு, வந்தது வேறு ரிப்போட்

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கிளிநொச்சி பரிசோதனை நிலையத்தில் அக்காவுக்காகப் பணம் கட்டியவன் நான். போனில் கதைத்துக் கதைத்து அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

அக்கா சிறுநீரகம் மாற்றியவர். வாயைச் சுற்றி வந்த ஹெர்பிஸ் வைரஸ் புண் அசைக்ளோவிர் என்ற மருந்துக்கு அடங்கவில்லை. அந்த வைரஸ் இந்த மருந்துக்கு மசிகிறதா இல்லையா என்று பார்க்கச் சொல்லித்தான் டொக்டர் துண்டு தந்தார். நீங்கள் அனுப்பியது வைரஸ் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும் பி.சி.ஆர். ரிப்போட்: 'எச்.எஸ்.வி. 1 பொசிட்டிவ்', அதாவது ஹெர்பிஸ் வைரஸ் இருக்கிறதாம். அது ஹெர்பிஸ் என்று எங்கள் வீட்டுக்கே தெரியும், ஐயா! வைரஸை வளர்த்து, எவ்வளவு மருந்தில் பாதியாகக் குறைகிறது என்று பார்த்தீர்களா? இல்லாவிட்டால் மருந்துக்கு மசியாத மாற்றம் இருக்கிறதா என்று வைரஸின் தைமிடின் கைனேஸ் மரபணுவையாவது பார்த்தீர்களா?

இதைக் கேட்டதற்கு உங்கள் ஹொட்லைன் தம்பி சொன்ன பதில்: "பொசிட்டிவ் எண்டு வந்திட்டுதுதானே, இன்னும் என்ன வேணும்? ஆருக்கு அந்த வருத்தம், உங்களுக்கோ?" பின்னால் யாரோ சிரித்த சத்தமும் கேட்டது.

மாதிரி எடுத்த விதத்தையும் கேளுங்கள். புண்ணைத் தொட்டெடுத்த பஞ்சுக்குச்சியை வெறும் குழாயில் போட்டு, மின்விசிறிக்குக் கீழே மேசையில் வைத்தார்கள். வைரஸைச் சாகாமல் வைக்கும் ஊடகத் திரவமும் இல்லை, ஐஸ் பெட்டியும் இல்லை. போயா விடுமுறை முடிந்துதான் கூரியர் வருமாம். காய்ந்து செத்த வைரஸை எந்த லாப் வளர்க்கும்? உங்களுக்குத் தெரியாததா!

திரும்பவும் வரச் சொன்னீர்கள். விசுவமடுவிலிருந்து நெரிசல் பஸ்ஸில், சால்வையால் வாயை மூடிக்கொண்டு வந்தார். "இண்டைக்கு எடுக்கிறதில்லை" என்று கதவிலேயே திருப்பிவிட்டார்கள். சரி, முதல்நாளே ஒரு மெசேஜ் போட்டிருக்கலாமே?

மாற்று மருந்தான பொஸ்கார்னெட் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது. ரிப்போட் இல்லாமல் அதை ஏற்ற டொக்டர் தயங்குகிறார். அக்காவுக்குக் கஞ்சி குடிப்பதே பாடு. அறுவடைக் காசு முழுதும் உங்களிடம். எங்கள் குடும்பமே உங்களால் நடுத்தெருவுக்கு வந்துவிட்டது.

தயவுசெய்து இந்த மாத முடிவுக்குள் சரியான குழாயோடும் ஐஸ் பெட்டியோடும் ஆளை வீட்டுக்கு அனுப்பி, மறுபடி காசு கேட்காமல் மாதிரி எடுங்கள். உங்களால் முடியாத பரிசோதனை என்றால் அதை எழுத்தில் தந்து பணத்தைத் திருப்புங்கள். இரண்டும் நடக்காவிட்டால் பற்றுச்சீட்டோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போவேன், அப்புறம் வக்கீல்தான். பதில் சொல்ல அழைப்பதானால் நீங்களே அழையுங்கள், அந்தத் தம்பியிடம் போனைக் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
விசுவமடு வாடிக்கையாளர்